வராமல் போன கார்டு

"அந்தக் காலத்தில் யாரும் யாரையும் சந்தேகப்பட்டதே இல்லை. வாய் வார்த்தைதான் பத்திரம்" என்று எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் க்ரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். காலை ஆறரை மணிக்கு. அதற்குள் பதினைந்து இருபது பேர் கீழே கைகூப்பி வைத்திருந்தார்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் படித்த எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரியான அண்டப்புளுகு. எழுதியவர் வீட்டுக் களத்தை எனக்குத் தெரியாதா? அடித்துத் தூற்றிக் குவித்த நெல்லின் மேல், பொழுது சாய்வதற்குள் அவருடைய அப்பா சாம்பலைக் கரைத்துக் கோடு கோடாகத் தெளித்துவிட்டுப் போவார். விடிந்ததும் வந்து, கோடு எங்கேயாவது கலைந்திருக்கிறதா என்று குவியலைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்ப்பார். யாரும் யாரையும் சந்தேகப்படாத ஊரில் சாம்பலுக்கு என்ன வேலை?

நான் சந்தேகப் பிராணிதான், மறைப்பானேன். என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். வலங்கைமான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன், ஓய்வு பெறும்வரை. முட்டை வந்து இறங்கினால் ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். பருப்பு மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்வேன். லாரிக்காரர்கள் என் பள்ளிக்கூடத்துக்கு வருவதென்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டுமே! என் பிள்ளைகள் யாருக்கும் வயிற்றுவலி வந்ததில்லை.

இந்தக் குணம் எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஒரு கார்டால் வந்தது. பதினேழு வயதில் எனக்கு வந்திருக்க வேண்டிய, வராமல் போன கார்டு. ஆசிரியர் பயிற்சிக்கான இன்டர்வியூ கார்டு. அது வந்திருந்தால் அதே பள்ளிக்கூடத்தில் முட்டை எண்ணாமல் வகுப்பில் நின்றிருப்பேன். அதை யார் அமுக்கினார்கள் என்பது எனக்குத் தெரியும் என்று நாற்பத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சந்தேகப்பட்ட குடும்பத்துப் பெண்தான் அன்று அதே க்ரூப்பில் ஒரு படம் போட்டாள். துருப்பிடித்த தபால் பெட்டி. "எங்கள் வீட்டு வாசலில் தொங்கிய பெட்டி. எத்தனை பேருக்குச் சந்தோஷத்தைக் கொண்டுவந்து கொடுத்தது!" என்று கீழே எழுதியிருந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அதைக்கூட அணைக்காமல் தட்டினேன்: "அந்த வீட்டுக்கு வந்த கடுதாசியெல்லாம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் கேட்டுச் சொல்லவும். ஆசிரியர் பயிற்சி கார்டு ஒன்று இன்னும் வரவில்லை."

அதற்குப் பிறகு க்ரூப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. மத்தியானம் யாரோ ஒரு புண்ணியவான் ரோஜாப்பூப் படம் போட்டு இனிய நாள் வாழ்த்தினார்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வலங்கைமானுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், குடமுருட்டிப் பாசனம். அவர்கள் பெரிய வீடு. ஊர் நிலத்தில் பாதி அவர்களுடையது. எங்கள் அப்பா அவர்களிடம் குத்தகைக்கு உழுதவர். பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர். ஆனால் எந்த நாலு ஏக்கர் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த வருடம் வாய்க்காலோரம் கொடுப்பார்கள், அடுத்த வருடம் கடைமடைக்குத் தள்ளுவார்கள். ஒரே வயலில் தொடர்ந்து நாலு வருடம் கால் வைத்தால் உழுகிறவன் என்னுடையது என்று சொல்லிவிடுவானாம். எழுத்து என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இதைத்தான் இன்றைக்கு வாய் வார்த்தை பத்திரம் என்று கைகூப்புகிறார்கள்.

அப்புறம் குத்தகைதாரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. ஊரே பயந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தபோது எங்கள் அப்பா, அப்போது உழுதுகொண்டிருந்த பன்னிரண்டு மாவுக்கும் முதல் ஆளாகப் போய் மனு கொடுத்தார். பெரிய வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டார்: "அவன் என் குத்தகைக்காரனே இல்லை. தினக்கூலிக்கு வர்றவன்." கேஸ் தஞ்சாவூருக்குப் போயிற்று. வாய்தா, வாய்தா என்று அப்பாவின் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தக் கேஸ் இல்லை. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. டவுன் பஸ் அப்போதுதான் புதிதாக விட்டிருந்தார்கள், ஆனால் காசுக்கு எங்கே போவது? நடந்துதான் போவோம். அவள் வீட்டில் பஸ்ஸுக்குக் கொடுத்தாலும் எனக்காக அவளும் நடப்பாள். வாய்க்கால் கரையில் போகும்போது அவள் டிபன் டப்பாவை நானும் என்னுடையதை அவளும் தூக்கிக்கொள்வோம், மத்தியானம் அப்படியே மாற்றித் தின்பதற்கு. எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு அவள் உயிரை விடுவாள். எங்கள் இரண்டு அப்பாக்களும் கோர்ட்டு வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற நாளிலும் நாங்கள் அப்படித்தான் தின்றோம்.

பள்ளியிறுதி முடிந்ததும் இருவரும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கினோம். அவளுடையது இரண்டு நாளில் நிரப்பித் தபாலில் போய்விட்டது. எனக்கு வருமானச் சான்று வேண்டியிருந்தது. அதற்குக் கர்ணம் எழுதித்தர வேண்டும். ஊர்க் கணக்குகளை வைத்திருந்த கர்ணங்கள் இருந்த கடைசி வருடங்கள் அவை. அவருக்குப் பெரிய வீட்டுத் தயவில்தான் பிழைப்பு என்பது ஊருக்கே தெரியும். அப்பாவோடு நானும் போனேன்.

"தகப்பன் தொழில்னு ஒரு இடம் இருக்கே, அதுல என்ன எழுதறது?" என்றார் கர்ணம்.

"குத்தகை விவசாயம்னு எழுதுங்க" என்றார் அப்பா.

கர்ணம் பேனாவை மூடி வைத்தார். "அதுக்குத்தானேப்பா கேஸ் நடக்குது? நான் எப்படி எழுதுவேன்? விவசாயக் கூலின்னா இப்பவே எழுதித் தரேன். நீ கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போ. குத்தகைன்னா பெரிய வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான்."

அப்பா எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "புரியுதா? நான் கூலின்னு என் கையாலயே எழுதி வாங்கப் பாக்கறாங்க. இந்த ஒரு காகிதம் போதும், கேஸு முடிஞ்சுது." நான் விடவில்லை. அழுதேன், சாப்பிடவில்லை. "ஒரே ஒரு வார்த்தைப்பா! அந்த விண்ணப்பத்தை யாரு கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறாங்க?" என்று கத்தினேன். பதினேழு வயதுக்கு அது ஒரு வார்த்தைதான். ஒரு வார்த்தைக்கும் வாத்தியார் வேலைக்கும் நடுவில் இவர் ஏன் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கர்ணம் வீட்டுக்குப் போய், விவசாயக் கூலி என்று எழுதி வாங்கி, கையெழுத்தும் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தபாலில் போட வேண்டாம் என்று அவரே சொன்னார். எங்கள் ஊர்த் தபால் ஆபீஸ் பெரிய வீட்டு முன்னறையில்தான் இருந்தது. பெரிய வீட்டுக்காரர்தான் போஸ்ட்மாஸ்டர். தராசு, முத்திரை, அரக்கு எல்லாம் அவர் மேஜையில். "அந்தப் பெட்டியில போட்டா போய்ச் சேரும்னு என்ன நிச்சயம்? நானே தஞ்சாவூர் போயி ஆபீஸ்லயே குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். காலை பஸ்ஸில் போனார். சாயங்காலம் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "குடுத்தாச்சு" என்றார். அவ்வளவுதான். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து அவளுக்குக் கார்டு வந்தது. ஓடிவந்து காட்டினாள். "உனக்கும் நாளைக்கு வந்துடும்டி" என்றாள். நாளை வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. தினமும் பதினோரு மணிக்குத் தபால் பை வரும்போது பெரிய வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவளுடைய அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேல் பார்த்து, "உனக்கு ஒண்ணும் இல்லை" என்பார். ஒரு நாள் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததுபோல எனக்குப் பட்டது. போதாதா? வீட்டுக்கு வந்து, "அவங்கதாம்ப்பா என் கார்டை எடுத்துட்டாங்க" என்று அழுதேன். அப்பா மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "செய்வாங்க. செய்யக்கூடிய ஆளுங்கதான்" என்றார்.

அவள் பெட்டியும் படுக்கையுமாகக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஊரில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். "என் கார்டைத் திருடிட்டு என் சீட்டுல போயி உக்காரப் போறியா? அப்பன் திருட்டுப்பய, நீ அவன் மக" என்று இரைந்தேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், ஏறிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு பேச்சு கிடையாது. தெருவில் பார்த்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். மறு வருடம் எனக்குக் கல்யாணமாயிற்று.

நான் க்ரூப்பில் எழுதிய இரண்டாம் நாள் போன் வந்தது. தெரியாத எண். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று நம்பர் கேட்கிற கும்பலாக இருக்கும் என்று நினைத்து, எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

"நான்தான்டி" என்றது குரல்.

"எந்த நான்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"உன்கிட்ட திருட்டுப்பயலோட மகள்னு பேர் வாங்கினவ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "தஞ்சாவூர்லதான் இருக்கேன். வர முடியுமா? முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்கேன், இல்லாட்டி நானே வந்துடுவேன்."

"எதுக்கு வரணும்? என்ன விஷயம்னு சொல்லுங்க."

"'சொல்லுங்க'வா? சரி. போன்ல சொல்ற விஷயம் இல்ல. வாடி."

வைத்துவிட்டு யோசித்தேன். என் தம்பி போன மாதம்தான் சொல்லியிருந்தான், பெரிய வீட்டுக்காரர்கள் எங்கள் நிலத்தை ஒட்டியிருக்கிற மிச்ச வயலை மனை போட அளக்கிறார்கள் என்று. பாதை விட ஏதாவது கையெழுத்து வேண்டியிருக்கும். அதற்குத்தான் கூப்பிடுகிறாள். நாற்பத்தைந்து வருடம் கழித்து என்மேல் திடீரென்று பாசம் பொங்க நான் என்ன அமிர்தமா? என்ன காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவதில்லை, மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். கண்ணாடி பைக்குள்தான் இருந்தது.

மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சின்ன மாடிவீடு. தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றிருந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவளே வந்து கதவைத் திறந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் மேஜையைத்தான் முதலில் பார்த்தேன். காகிதம் எதுவும் இல்லை. ஒரு தட்டில் முறுக்கு இருந்தது. அதை எடுக்கவில்லை.

"எழுதினியே, அதை என் பொண்ணு பாத்துட்டா" என்றாள். "என் போனைத்தான் நோண்டிக்கிட்டே இருப்பா. 'தாத்தா யாரோட கார்டையோ திருடினாராம்மா?'ன்னு கேட்டா. இத்தனை நாள் எனக்குள்ளயே வச்சிருந்தேன். என் பொண்ணு கேட்டதுக்கப்புறம் முடியல. அதான் கூப்பிட்டேன்."

"சொல்லுங்க."

"நீ பஸ் ஸ்டாப்புல கத்தினதும் நான் பஸ்ஸுல ஏறினேன் இல்ல? அடுத்த நிறுத்தத்துலயே இறங்கிட்டேன். நடந்தே வீட்டுக்கு வந்து எங்கப்பாவைக் கேட்டேன், 'எடுத்தீங்களா?'ன்னு. கோவத்துல அவரு மேஜையைத் தட்டினாரு பாரு, மசிக்கூடு கவிழ்ந்து போச்சு. உடனே ஆளனுப்பி உங்கப்பாவை வரச் சொன்னாரு. நான் உள்ளே கதவுக்குப் பின்னால நின்னேன்."

முறுக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

"உங்கப்பா வந்தாரு. 'விண்ணப்பத்தை நான் குடுக்கவே இல்லீங்க'ன்னாரு."

"பொய்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "எங்கப்பா தஞ்சாவூர் போனாரு. நான் பாத்தேன்."

"போனாரு. ஆபீஸ் வாசல் வரைக்கும் போனாராம். உள்ள நீட்டுறப்ப கை வரலியாம். 'கூலின்னு நான் ஒப்பம் போட்ட காகிதத்தைச் சர்க்கார் ஆபீஸ்ல குடுத்தா நாளைக்கு நீங்களே அதை நகல் எடுத்துக் கோர்ட்டுல காட்டுவீங்கல்ல?'ன்னு எங்கப்பாகிட்டயே கேட்டாரு. அந்தக் காகிதத்தைக் கிழிச்சு அங்கயே ஆத்துல போட்டுட்டேன்னாரு."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை ஆயிற்றே, கோர்வையாகக் கதை சொல்லத் தெரியும். இப்போது தன் அப்பாவை நல்லவராக்கப் போகிறாள், பார் என்று காத்திருந்தேன்.

"எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா?" என்றாள். "சிரிச்சாரு. 'நீ கெட்டிக்காரன். குடுத்திருந்தா கட்டாயம் காட்டித்தான் இருப்பேன். கர்ணத்துக்கிட்ட கூலின்னு எழுதுன்னு சொன்னதே நான்தான்'னாரு. என் காதால கேட்டேன். என்னைப் பெத்தவரு சொன்னதை நானே சொல்றேன், வெக்கமாத்தான் இருக்கு."

அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொய் சொல்ல வந்தவள் தன் அப்பாவை இப்படிச் சந்தி சிரிக்க வைக்க மாட்டாள். எத்தனை லாரிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தன் பக்கத்துக் குறையை முதலில் எடுத்து வைப்பவன் பெரும்பாலும் சரியான மூட்டையைத்தான் இறக்குவான்.

"அப்புறம்?" என்றேன்.

"உங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு. 'எம்பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கய்யா. தெரிஞ்சா அது எம்முகத்துல முழிக்காது'ன்னாரு. எங்கப்பா விடுவாரா? 'உம்பொண்ணு என்னைத் திருடன்னு ஊர்ல பேசும், நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? எனக்கென்ன தலையெழுத்தா?'ன்னாரு. உங்கப்பா ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம், 'வாய்க்காலோரத்து ரெண்டு மாவை விட்டுடறேங்க. அதுக்கு மட்டும் மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்'னாரு. எங்கப்பா சரின்னுட்டாரு. என்னைக் கூப்பிட்டு, வெளியே மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. மறுநாள் என்னை பஸ் ஏத்தினாரு."

வாய்க்காலோரத்து இரண்டு மா. அது எனக்கு ஞாபகம் இருந்தது. அப்பாவின் நிலத்தில் அதுதான் முதல் தண்ணீர் பாய்கிற இடம். ஆற்றில் எவ்வளவு குறைவாக வந்தாலும் அதில் நெல் விளையும். அந்த வருடம் அப்பா அதை விட்டுக்கொடுத்ததும் அம்மா மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் அழுதாள். ஊரே வாய்க்கு வந்தபடி பேசிற்று. வக்கீல் சொன்னார் என்று மட்டும் அப்பா சொன்னார். மீதி பத்து மாவுக்குக் கேஸை விடாமல் நடத்தி, பின்னால் ஜெயித்தார். ஊரில் சொந்தமாகப் பெயர் பதிந்த முதல் ஆள் என்று இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

என் படிப்புக்காக ஒரு வார்த்தையை விட முடியாத மனிதர், அதை எனக்குத் தெரியாமல் வைத்திருக்க இரண்டு மாவை விட்டிருக்கிறார். இதை நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்ன மனுஷர் நீங்கள்! சொல்லித் தொலைத்திருக்கலாமே! ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் பேசியிருப்பேன். அப்படியும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இவளிடம் நாற்பத்தைந்து வருடம் பேசவில்லையே நான்.

"நீ ஏன் சொல்லல?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து 'நீங்க' போய்விட்டிருந்தது. "சத்தியம்னு சொல்லாத. உங்கப்பா போயாச்சு, எங்கப்பாவும் போயாச்சு."

"உங்கப்பா சாவுக்கு வந்தேன். நீ என்னைப் பாத்ததும் உள்ளே எழுந்து போயிட்டே. சரி, அப்ப சொல்லியிருந்தேன்னே வச்சுக்கோ. நம்பியிருப்பியா?"

"மாட்டேன்."

"பின்ன?" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு தானாகவே சொன்னாள்: "வேலைல சேந்து முதல் நாள் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டேன் பாரு, அன்னைக்கு எனக்கு உன் சீட்டுலதான் உக்காந்திருக்கேன்னு இருந்துச்சு. நான் திருடலன்னு எனக்குத் தெரியும். அப்படியும் அப்படித்தான் இருந்துச்சு. ரிடையர் ஆற வரைக்கும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. எனக்கு அதெல்லாம் வராது. முறுக்கை எடுத்துக் கடித்தேன். உப்பு தூக்கலாக இருந்தது, அதையும் சொன்னேன். "இன்னும் மாறலடி நீ" என்று சிரித்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாபேட்டை தாண்டும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே வந்தேன். க்ரூப்பில் நான் எழுதியது அப்படியே கிடந்தது. இருநூறு பேர் இருக்கிற இடம். அவள் பெண் படித்ததுபோல இன்னும் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் படித்திருப்பார்களோ. அதை அழித்துவிடலாமா என்று முதலில் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது, எனக்கு மட்டும்தான் அழியும் என்று வந்தது. தவறுதலாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும் என்று பொத்தாம்பொதுவாகப் போட்டுவிடலாம். அது போதும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் வேறொருத்தி அப்படி எழுதினால் நான் என்ன நினைப்பேன்? மிரட்டி எழுத வைத்திருக்கிறார்கள், இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பேன். அவள் வீட்டின்மேல் விழுந்த பழி போக வேண்டுமென்றால் கார்டு ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா பெயர் போகும். அந்தப் பெயருக்காக அவர் என்னவெல்லாம் விட்டார் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டு வருகிறேன்.

அப்பாவை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. என் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தவள், அவரை மட்டும் பார்த்ததே இல்லை. அது தப்பென்று இப்போதும் சொல்ல மனம் வரவில்லை. அவர் பயந்தது நிஜமாகவே நடக்கவிருந்த விஷயம். பெரிய வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்பா நிலத்தைக் காப்பாற்றினார், அது சரிதான். ஆனால் ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணை நான் ஊர் நடுவில் திட்டியபோது, அவர் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வலங்கைமானில் இறங்கி, கடை வாசலில் நின்றுகொண்டே தட்டினேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "என் ஆசிரியர் பயிற்சி கார்டை யாரும் திருடவில்லை. என் விண்ணப்பமே போகவில்லை. எங்கள் அப்பா அதைக் கொடுக்காமல் கிழித்துப் போட்டுவிட்டு, கொடுத்தாயிற்று என்று என்னிடம் சொன்னார். பெரிய வீட்டுக்காரர்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நான் சொன்னது பொய்." இரண்டு தரம் படித்தேன். அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோதே தம்பி போன் செய்தான். அவனுக்கும் அந்த க்ரூப்பில் கூட்டாளிகள் உண்டு, அதற்குள் யாரோ அனுப்பிவிட்டிருந்தார்கள். "உனக்கென்ன பைத்தியமா? அப்பாவைப் போயி ஊர் முன்னால இப்படி எழுதியிருக்கியே!" என்று கத்தினான். "அந்த வீட்டு ஆளுங்க மனை போடறாங்கல்ல, அதுக்கு ஏதோ தந்திரம் பண்றாங்க. நீயாக்கா இதுல ஏமாந்தே? யாரையுமே நம்பமாட்டியே நீ! அப்பா கிழிச்சதை யாரு பாத்தா? ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"இல்லடா" என்றேன்.

"பின்ன எதை வச்சு எழுதினே?"

"அவ சொன்னா. நம்பிட்டேன்."